பம்பைக் குற்றம் சொல்லுமுன்

இலக்கிய ஏட்டில் ஹைட்ராலிக் பம்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கும் நண்பர்கள் இருக்கக்கூடும். நாம் சொல்ல வந்தது இதுதான். பழுதாகி நிற்கும் ஒரு பொக்லைன் வண்டியின் முன் நின்று கோளாறு எங்கே என்று தேடும் நல்ல மெக்கானிக் செய்வது நுட்பமான ஓர் அறிவுச் செயல். அது நம்மிடையே தமிழில் பேசப்படுகிறது. ஆனால் தமிழில் எழுதப்படவில்லை. எழுதப்படாததால் நேரும் நட்டத்தைக் கடன் வாங்கி வண்டி எடுத்த சிறு உரிமையாளர் பணமாகவும், சில வேளைகளில் ஆப்பரேட்டரும் ஹெல்பரும் கைவிரலாகவும் செலுத்துகிறார்கள்.

பொக்லைன் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். பிரான்சில் ஜார்ஜ் பத்தாய் என்பவர் 1927-இல் நிறுவிய தொழிற்சாலையின் பெயர் அது. (நம் வாசகர்கள் படித்திருக்கக்கூடிய எழுத்தாளர் ஜார்ஜ் பத்தாய் வேறு, பெயர்ப் பொருத்தம் மட்டுமே.) 1961-இல் வெளிவந்த அதன் டிஒய் 45 என்னும் முழு ஹைட்ராலிக் வண்டி உலகெங்கும் பேர் பெற்றது. பின்னர் லார்சன் அண்ட் டூப்ரோ உரிமம் பெற்று இந்தியாவிலேயே பொக்லைன் வண்டிகளைச் செய்து விற்றது. அதனால் நம் ஊரில் எந்த நிறுவனத்து வண்டி வந்தாலும் அது பொக்லைன். சில வட்டாரங்களில் ஹிட்டாச்சி. மண்ணைத் தோண்டுவது எதுவாயினும் ஜேசிபி என்போரும் உண்டு. ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் பெயரின் முதலெழுத்துகள். பெயர்களை இவ்வளவு தாராளமாக எடுத்துக்கொண்ட நம் மொழி, அந்த வண்டியின் வயிற்றுக்குள் நடப்பதை ஏனோ ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஹைட்ராலிக் வருமுன் இருந்த மண்தோண்டிகள் கம்பிவடத்தாலும் கப்பிகளாலும் இயங்கியவை. வடம் தேய்ந்தால் பிசிறு தெரியும். கப்பி உடைந்தால் சத்தம் கேட்கும். கோளாறு கண்ணெதிரே நிற்கும். எண்ணெய் வந்தபின் அந்த வெளிச்சம் போயிற்று. டீசல் என்ஜினின் விசை எண்ணெயாக மாறி, எஃகுக் கட்டிகளுக்குள்ளும் ரப்பர்க் குழாய்களுக்குள்ளும் ஓடி, எங்கோ தொலைவிலுள்ள மோட்டாரில் மறுபடி சுழற்சியாகிறது. நடுவில் நடப்பது எதுவும் வெளியே தெரியாது. ஆகவே, தெரிகின்ற அறிகுறிகளிலிருந்து தெரியாத காரணத்துக்குப் போகும் வழி ஒன்றே மெக்கானிக்கின் கையிலிருக்கிறது. நாடி பிடித்து நோய் சொன்னவர்களைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இதுவும் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

அடிப்படைத் தத்துவம் மிகப் பழையது. மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மேல் செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று காட்டிய பாஸ்கல் 1662-இல் மறைந்தார். அதை வைத்து ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் 1795-இல் ஓர் அழுத்து இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்தியது தண்ணீர். ஹைட்ராலிக் என்ற சொல்லே தண்ணீரின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. நம் பாடநூல்கள் இதை 'நீரியல்' என்று எழுதும்போது பட்டறைக்காரர் சிரிக்கிறார். அவருடைய வண்டியில் தண்ணீர் பகைவன். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள்; நுரைத்திருந்தால் காற்று.

இனி, நாம் பலமுறை கேட்டிருக்கும் ஓர் உரையாடல்.

"அண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் என்னன்னு பாருங்க."

"பம்ப் போச்சு தம்பி. மாத்திரு."

இரண்டே வாக்கியங்களில் சில லட்சம் ரூபாய் கைமாறிவிடுகிறது. இந்தத் தீர்ப்புக்குப் பெரும்பாலும் ஆதாரம், அழுத்தமானியில் முள் ஏறவில்லை என்பது மட்டுமே. ஆனால் பம்பு அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, ஓட்டத்தைத்தான் உண்டாக்குகிறது. ஓட்டத்துக்குத் தடை வரும்போதே அழுத்தம் எழுகிறது. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைக்கும் சிறுவனுக்கு இது தெரியும். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகினால் அழுத்தம் ஏறாது என்பதும் தெரியும். வண்டியில் அந்த ஒழுக்கு எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ரிலீஃப் வால்வின் இருக்கையில் ஒரு துணுக்கு சிக்கி வால்வு முழுதும் மூடாமல் போனாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். அந்த வால்வைக் கழற்றித் துடைத்துப் போட அரைமணி நேரம் போதும். எனவே பம்பைக் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டும் என்று நல்ல மெக்கானிக்குகள் சொல்வது, பம்பு கெடாது என்பதால் அன்று; மற்றவற்றைப் பார்ப்பதற்குச் செலவு குறைவு என்பதால். சந்தேகத்துக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசைதான் இந்தக் கலையின் உயிர்நிலை.

ஒரு கோளாறை முழுதாகப் பார்ப்போம். ஏறத்தாழ 20 டன் எடையுள்ள, செயினில் ஓடும் வண்டி. ஆப்பரேட்டர் இரண்டு லீவர்களையும் முழுக்க முன்னே தள்ளுகிறார். வண்டி நேராகப் போகாமல் இடப்பக்கம் திரும்புகிறது; இடது செயின் பின்தங்குகிறது என்று அர்த்தம். 'வண்டி சைடு இழுக்குது' என்பது பட்டறை மொழி. இப்படிப்பட்ட வண்டிகளில் வழக்கமாக இரண்டு பெரிய பம்புகளும், கட்டளை எண்ணெய்க்கென்று பைலட் பம்பு என்னும் சிறு பம்பு ஒன்றும் இருக்கும். ஒரு பெரிய பம்பு இடது செயினுக்கும் வேறு சில வேலைகளுக்கும், மற்றொன்று வலது செயினுக்கும் ஏனையவற்றுக்கும் எண்ணெய் தரும். அது வால்வுக் கட்டியைக் கடந்து, மேல்பகுதியும் அடிப்பகுதியும் சந்திக்கும் சென்டர் ஜாயின்ட் வழியாகக் கீழிறங்கி, செயின் மோட்டாரை அடைகிறது. மேலே கேபின் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் குழாய்கள் முறுக்கிக்கொள்ளாமல் இருப்பது அந்த ஜாயின்ட்டால்தான். மோட்டாருக்கப்பால் கியர் பெட்டி, அதற்கப்பால் செயின்.

இவ்வளவு நீளப் பாதையில் குற்றவாளி எங்கே? அனுபவசாலி முதலில் எதையும் கழற்றுவதில்லை. இரண்டு செயின்களின் இறுக்கமும் ஒன்றாக இருக்கிறதா, உருளைகளுக்கிடையே கல் இறுகியிருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு பக்கெட்டை நிலத்தில் ஊன்றி, ஒரு பக்கச் செயினை அந்தரத்தில் தூக்கவைத்து, ஒரு பட்டையில் சாக்பீஸால் கோடு போட்டு, செயின் மூன்று சுற்றுச் சுற்ற எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுகிறார். மறுபக்கத்தையும் அப்படியே. இதற்குத் தேவை ஒரு கைக்கடிகாரம். 'ஏதோ ஸ்லோவா இருக்கு' என்ற புலம்பல் இங்கே எண்ணாக மாறுகிறது. எண்ணானபின் அதை இன்னோர் எண்ணோடு ஒப்பிடலாம், நாளைக்கும் ஒப்பிடலாம்.

அடுத்த கேள்வி: செயின் மட்டும்தான் மந்தமா? அதே பம்பிலிருந்து எண்ணெய் பெறும் வேறு வேலையும் மந்தமாக இருந்தால் பொதுவான இடத்தைப் பார்க்க வேண்டும். எல்லாமே மந்தமென்றால் என்ஜின், பைலட் அழுத்தம், எண்ணெய் மட்டம் என்று இன்னும் பின்னே போக வேண்டும். செயின் ஒன்று மட்டுமென்றால் தேடும் இடம் சட்டெனச் சுருங்குகிறது.

சுருங்கிய பாதையையும் இரண்டாக வெட்டும் ஒரு சோதனை உண்டு. நமக்கு மிகவும் பிடித்தது அது. என்ஜினை நிறுத்தி, அழுத்தத்தை முழுதும் இறக்கியபின், சென்டர் ஜாயின்ட்டுக்கு மேலே இடது செயினுக்குப் போகும் குழாய்களையும் வலது செயினுக்குப் போகும் குழாய்களையும் இடம்மாற்றிப் பொருத்துவது. இப்போது இடது லீவரைத் தள்ளினால் வலது செயின் ஓடும். மந்தம் வலது செயினுக்குத் தாவிவிட்டதா? அப்படியானால் கோளாறு மாற்றிய இடத்துக்கு மேலே: பம்பு, வால்வு, பைலட் ஆகியவற்றில் ஒன்று. மந்தம் இடது செயினிலேயே நிற்கிறதா? அப்படியானால் கீழே: ஜாயின்ட்டின் சீல், மோட்டார், பிரேக், கியர் பெட்டி. புதுப் பொருள் ஒன்றுகூட வாங்காமல், சில குழாய்களின் இடத்தை மாற்றியதில் சந்தேகப் பட்டியலில் பாதி அழிந்துபோகிறது. தருக்க நூல்கள் இதற்கு என்ன பெயர் இட்டிருந்தாலும், பட்டறையில் இதன் பெயர் 'மாத்திப் போட்டுப் பாரு'.

கீழேதான் என்று தெரிந்தபின், மோட்டாரின் உட்கசிவை அளக்கலாம். மோட்டாருக்குள் சிறிதளவு எண்ணெய் கசிவது இயல்பே. உராய்விடங்களுக்கு அதுவே உயவு. அந்தக் கசிவு டிரெயின் குழாய் வழியே டாங்குக்குத் திரும்புகிறது. குழாயைக் கழற்றி ஒரு கேனில் விட்டு, கையேடு சொல்லும் முறையில் செயினை நிறுத்திவைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வருகிறதென்று பார்க்க வேண்டும். அளவு மீறினால் உள்ளே தேய்மானம். இங்கே கைக்குழந்தையிடம் காட்டும் கவனம் வேண்டும்: டாங்குப் பக்கத்து வாயைத்தான் அடைக்கலாம், மோட்டார்ப் பக்கத்து வாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அடைத்தால் எண்ணெய் தண்டின் சீலைப் பிய்த்துக்கொண்டு கியர் பெட்டிக்குள் பாயும். ஏற்கெனவே அப்படிப் பாய்ந்திருக்கிறதா என்பதையும் எளிதில் அறியலாம். கியர் பெட்டியின் மட்டத் திருகைக் கழற்றியதும் எண்ணெய் வழிந்து கொட்டினால், அங்கே இருக்க வேண்டாத எண்ணெய் அங்கே வந்திருக்கிறது.

இவ்வளவையும் ஒரு முற்பகலில் செய்து முடிக்கலாம். செய்யாமல் பம்பை மாற்றினால், இடது செயின் புதுப் பம்போடும் பின்தங்கியே ஓடும்.

வேளையும் ஒரு சாட்சி. 'காலையில நல்லா ஓடுது, வெயில் ஏறினா படுத்துக்குது' என்று ஆப்பரேட்டர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவர் பாதி வேலையை முடித்துவிடுகிறார். எண்ணெய் சூடேறும்போது இளகுகிறது. தேய்ந்த இடுக்குகளில் அதிகமாகக் கசிகிறது. ஆகவே அது உட்கசிவுக்குச் சான்று. மாறாக, காலையில் முனகிக்கொண்டு மந்தமாக ஓடி, சூடானபின் சரியாகும் வண்டியில், கெட்டியான எண்ணெயை இழுக்கப் பம்பு திணறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். உறிஞ்சு வழியிலுள்ள வலை அடைத்திருக்கலாம், அல்லது அந்த ஊருக்குப் பொருந்தாத எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கலாம். கேனின்மேல் 46 என்றும் 68 என்றும் போட்டிருப்பது தரவரிசை அன்று. 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் பாகுத்தன்மை. பெரிய எண் உயர்ந்த சரக்கு என்று நம்பி வாங்குவோர் உண்டு.

ஆனால் இந்த ஆப்பரேட்டரிடம் கேட்பவர் எத்தனை பேர்? வண்டி நின்றதும் முதல் பழி அவர்மேல்தான் விழுகிறது. நாள் முழுதும் லீவர் வழியே அந்த வண்டியின் துடிப்பைக் கையில் உணர்ந்தவர் அவர். அவருடைய வாக்குமூலம் அழுத்தமானிக்குக் குறைந்த ஆவணம் அன்று என்பது நம் உறுதியான எண்ணம்.

அழுக்கைப் பற்றி ஒரு சொல். மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பிஸ்டன் பம்பினுள் உரசும் பாகங்களுக்கிடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான்களிலிருந்து சில பத்து மைக்ரான்கள் வரைதான். அதாவது, பம்பைக் கொல்லும் தூசியின் பெரும்பகுதி நம் கண்ணுக்கே தெரியாது. இந்த நிலையில், மண்மேட்டில் வண்டியை நிறுத்தி, திறந்த வாளியில் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றி, திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் வால்வைத் துடைத்துப் பூட்டுகிறோம். அந்தத் துணியின் இழை உள்ளேயே தங்கிவிடுகிறது. சீல் பிரிக்காத பேரலில் வரும் புது எண்ணெய்கூட இந்த வண்டிக்குப் போதிய சுத்தமானதென்று கொள்வதற்கில்லை. வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும்.

பழைய ஃபில்டரை எறியுமுன் அறுத்துப் பார்ப்பவர்களை நாம் மதிக்கிறோம். உள்ளே பித்தளை நிறத்தில் மினுக்கினால் பம்பிலோ மோட்டாரிலோ உள்ள வெண்கலப் பாகம் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டினால் எஃகு. கறுப்பாக மென்மையாக இருந்தால் சீல். தேய்ந்தது இன்னதென்று ஃபில்டரே சொல்லும்போது அதைச் சாக்கடையோரம் வீசுகிறோம். உண்மையிலேயே பம்பு சிதைந்த வண்டியில் டாங்கையும் கூலரையும் குழாய்களையும் கழுவாமல் புதுப் பம்பை ஏற்றுவது இன்னும் கொடுமை. பழைய பம்பின் பொடியே புதியதைத் தின்னும். சில மாதங்களில் அதுவும் போக, 'டூப்ளிகேட் சரக்கு' என்று பழி கடைக்காரர்மேல் போகும்.

இதுவரை சொன்னது பணத்தைப் பற்றி. இனிச் சொல்வது கையைப் பற்றி. இவ்வகை வண்டிகளில் முதன்மை அழுத்தம் ஏறத்தாழ 350 பார். பட்டறைக் கணக்கில் 350 கிலோ. கார் டயரின் அழுத்தத்தைப் போல் 150 மடங்குக்கும் அதிகம். வண்டி இழுக்கவில்லை என்றதும் ரிலீஃப் வால்வின் திருகை இன்னும் அரைச்சுற்று முறுக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. நோயை மறைக்கும் அந்த முறுக்கு, பலவீனமான ஏதோ ஒரு குழாயைத் தேடிக்கொண்டு போகிறது. குழாயில் ஊசித்துளை விழுந்து, எங்கே கசிகிறது என்று ஹெல்பர் பையன் விரலால் தடவுகிறான். எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. வெளியே ஒரு முள்குத்து அளவே தெரியும். முதலில் வலியும் பெரிதாக இராது. துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வான். உள்ளே எண்ணெய் சதை இடுக்குகளில் பரவி, சில மணி நேரத்தில் கை வீங்கிக் கறுக்கத் தொடங்கும். இது மருந்து தடவி அனுப்பும் காயம் அன்று. உடனே அறுவை மருத்துவரிடம் கொண்டுபோய், இன்ன அழுத்தத்தில் இன்ன எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டிய காயம். தாமதித்தால் விரலை, சில வேளை கையையே, எடுக்க நேர்கிறது. கசிவைத் தேட விரல் வேண்டாம், ஓர் அட்டைத் துண்டு போதும். என்ஜின் நின்றபின்னும் குழாயில் அழுத்தம் உறங்கிக்கொண்டிருக்கும். பக்கெட்டை நிலத்தில் இறக்கி, லீவர்களை அசைத்து, அதை வெளியேற்றியபின்தான் ஸ்பானரை வைக்க வேண்டும்.

இந்தப் பத்தியில் உள்ளவை எல்லாம் ஆங்கிலக் கையேடுகளில் முதற்பக்கச் செய்தி. அந்த ஹெல்பருக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டிய மூத்தவர், தமக்கு நேர்ந்ததை வைத்தே கற்றவர்.

இப்போதெல்லாம் வண்டியிலேயே கணினி இருக்கிறது, திரையில் பிழை எண் வந்துவிடும், இந்தப் பழைய வித்தை எதற்கு என்பார்கள். சென்சார் அறுந்ததையும் மின்வால்வு சோர்ந்ததையும் திரை சொல்லும், அதை மறுப்பதற்கில்லை. ஜாயின்ட்டின் சீல் ஒன்று உள்ளுக்குள் கசிவதை அது தன் வாயால் சொல்வதில்லை. எண் எதுவும் வராமல் வண்டி சைடு இழுக்கும்போது மறுபடி சாக்பீஸும் கைக்கடிகாரமும்தான்.

நம் இலக்கியம் தொழிலாளியைக் காணாமல் இருந்ததில்லை. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' உப்பளத்துக்கும், டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்கும் நம்மை அழைத்துச் சென்றன. அவற்றின் கவலை கூலியும் சுரண்டலும் போராட்டமும், அது நியாயமே. ஆனால் வேலை செய்பவர் வேலையின்போது எப்படிச் சிந்திக்கிறார் என்பதைத் தனிப் பொருளாக எடுத்துக்கொண்ட உரைநடை நம்மிடம் அரிது. மறுபக்கம், பெ.நா. அப்புசுவாமி போன்றோரும், ஜி.ஆர். தாமோதரன் கோவையிலிருந்து நடத்திய 'கலைக்கதிர்' ஏடும் அறிவியலைத் தமிழில் சொல்லப் பாடுபட்டனர். அந்த மரபு ஆய்வகத்துக்கும் வகுப்பறைக்கும் போயிற்று. புளியமரத்தடிப் பட்டறைக்குப் போதிய அளவு வரவில்லை.

வந்திருந்தாலும் கலைச்சொல் தகராறில் நின்றிருக்கும் என்பது நம் ஐயம். சென்டர் ஜாயின்ட்டுக்கும் ரிலீஃப் வால்வுக்கும் தூய தமிழ்ப் பெயர் தேடி முடிப்பதற்குள் இரண்டு தலைமுறை மெக்கானிக்குகள் ஓய்வு பெற்றுவிடுவார்கள். ஓரிங், சீல், பூம், பக்கெட் எல்லாம் அவர்கள் வாயில் தமிழ் வேற்றுமை உருபுகளை ஏற்றுக்கொண்டு வெகுகாலமாயிற்று. 'சீலைத் தள்ளிடுச்சு', 'பூம் தானா இறங்குது', 'செயின் ஒரு பக்கம் திக்குது' என்பவை துல்லியமான வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனித்தனிக் கோளாறைக் குறிப்பவை. அந்தத் துல்லியத்தை அப்படியே எழுத்தில் கொண்டுவருவதுதான் தேவை.

நாடெங்கும் ஓடும் ஆழ்துளை வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பேர் பெற்றது. அங்குள்ளவர்களிடமும், கல்குவாரிகளை அடுத்த பட்டறைகளிலும், எண்ணெய்க் கறை படிந்த பாக்கெட் நோட்டுகள் சில இருக்கக்கூடும்: எந்த வண்டி, மூன்று சுற்றுக்கு எத்தனை விநாடி, ஃபில்டரில் என்ன நிறம், கடைசியில் கோளாறு எங்கே இருந்தது. அத்தகைய நோட்டு ஒன்றை வைத்திருப்பவரை அறிந்த நண்பர்கள் அவரிடம் கேட்டு நான்கு பக்கம் எழுதி வாங்கித் தந்தால், ஓரிங்கை ஓரிங் என்றே விட்டு, வரிசை மாற்றாமல் வெளியிட நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.